தையல் மெஷின் வாசலுக்கு வரும் நேரம்

தகரக் கூரையின் அடிப்பக்கம், பகல் இரண்டு மணிக்கு, 57 டிகிரி. அந்தத் தகரத்துக்கு மூன்றடி கீழே முக்காலியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பவரின் தலை. வட சென்னையில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவில் போன கோடை முழுக்க நாங்கள் செய்த வேலை அந்த மூன்றடி இடைவெளியைச் சுற்றித்தான் நடந்தது.

நாங்கள் ஐந்து பேர், மின்னியல் மூன்றாம் ஆண்டு. மினி பிராஜெக்ட்டுக்கு எல்லோரும் தானாகத் தண்ணீர் ஊற்றும் செடித் தொட்டி செய்துகொண்டிருந்தார்கள். எங்களில் ஒருத்திக்கு வீடு இந்தத் தெருவில். "எங்க வீட்டுக்குள்ள எவ்வளவு சூடுன்னு யாராவது அளந்து சொல்லுங்கடா" என்று அவள் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

தெருவில் ஒரே ஒரு மாடி வீடு. அதன் மொட்டை மாடியில் நின்றால் வடக்கே புகைபோக்கிகள் தெரியும். எண்ணூர் அனல் மின் நிலையம், 450 மெகாவாட், 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் நின்றது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள் 630 மெகாவாட், அடுத்த இரண்டும் சேர்ந்து 1,200. பக்கத்தில் வல்லூர், 1,500. அங்கே பிறக்கும் கரண்ட் கம்பியில் ஏறி ஊரெல்லாம் போய்விடுகிறது. சாம்பல் போவதில்லை. செப்பாக்கம் கிராமம் சாம்பல் குட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ம் தேதி இரவு அமோனியா கசிந்து, குப்பத்து மக்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதையெல்லாம் செய்தியில் படித்தவர்கள் நாங்கள் நாலு பேர். எங்கள் தோழி அந்த இரவு மூக்கில் ஈரத் துணி கட்டிக்கொண்டு ஓடியவள். அதனால் வேலையை எப்படிச் செய்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவள் சொல்லே எடுபட்டது, அது சரியாகவும் இருந்தது.

முதலில் சென்சார். டிஎஸ்18பி20 என்ற சின்ன டிஜிட்டல் வெப்பமானி, நீர்புகாத உறை போட்டது, ஆறு வாங்கினோம். தரவுத்தாளில் அரை டிகிரி வரை பிசகலாம் என்றுதான் இருக்கும். கடையில் கிடைப்பதில் போலியும் கலந்திருக்கும். அதனால் நம்புவதற்கு முன் ஒரு சோதனை. ஐஸைத் துணியில் கட்டி நொறுக்கி, எவர்சில்வர் டம்ளர் நிறையப் போட்டு, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, ஆறையும் முக்கி வைத்தோம். கலக்கிக்கொண்டே பத்து நிமிடம். ஆறும் பூஜ்யம் காட்ட வேண்டும். நாலு பூஜ்யத்துக்கு மிக அருகில் வந்தன. ஒன்று 0.6 காட்டியது, அந்த வித்தியாசத்தை நிரலில் கழித்துக்கொண்டோம். இன்னொன்று 1.9. அதை ஒதுக்கிவிட்டு வேறு வாங்கினோம்.

முதல் நாள் வரைபடத்தில் கூரை 85 டிகிரி என்று வந்தது. குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம். அரை மணி நேரத்தில் எங்கள் சார் கூப்பிட்டு, "எண்ணை நல்லாப் பாருங்க" என்றார். சரியாக 85.00. அடுத்த வாசிப்பும் 85.00. வெயில் அப்படிப் புள்ளி பிசகாமல் நிற்காது. மின்சாரம் வந்ததும் அந்தச் சென்சார் தன் நினைவில் வைத்திருக்கும் ஆரம்ப எண் அது. வெப்பத்தை அளந்து முடிக்க அதற்கு 750 மில்லி விநாடி வேண்டும். அதற்குள் நாம் கேட்டால் அந்தப் பழைய எண்ணையே தரும். நிரலில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியதும் சரியானது. வயர் விட்டுப்போனால் மைனஸ் 127 என்று வரும், அதையும் தள்ளிவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தோம். அந்த 85-ஐ எங்காவது மேடையில் சொல்லியிருந்தால், தெருவின் உண்மையான 57-ஐயும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். உண்மையே போதுமான அளவு கொடூரமாக இருக்கும்போது கூட்டிச் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் கெடுதல்.

சென்சாரைப் பிடித்து எண்ணை அனுப்பும் நோட்எம்சியு போர்டுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது? வீட்டு பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் அந்த வீடுகளில் ஓனர் வைத்த சப் மீட்டர் ஓடுகிறது, ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு. ஒரு மாதத்துக்குக் கால் யூனிட்தான் ஆகும் என்றாலும் எங்கள் படிப்புக்கு அவர்கள் காசு கட்டக் கூடாது என்று தோழி கறாராகச் சொல்லிவிட்டாள். பவர் பேங்க் வைத்தோம். மறுநாள் பார்த்தால் பத்து நிமிடத் தகவல்தான் இருக்கிறது. போர்டு தூங்கும்போது மிகக் குறைவாகக் கரண்ட் இழுப்பதால், எதுவும் செருகவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தன்னை அணைத்துக்கொள்கிறது. கடைசியில் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல்களைச் சோதித்து, ஹோல்டரில் போட்டு, சார்ஜிங் சர்க்யூட் வைத்துப் பெட்டி செய்தோம். பெட்டி கூரைப் பக்கம் போகவே கூடாது, தரையோடு, நிழலில். சூட்டில் வெந்த லித்தியம் செல் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதுவரை நாங்கள் தனியாகச் செய்தது. இதற்கப்புறம் நடந்ததில் பாதி, தெருவே திருத்தியது.

எங்கள் திட்டம் புத்தகத்தில் இருப்பது மாதிரி நேர்த்தியாக இருந்தது. ஆறு வீடு. மூன்றின் கூரைக்கு வெள்ளையடிப்போம். மூன்றை அப்படியே விடுவோம். இரண்டையும் ஒப்பிடுவோம். இதைத் தோழியின் வீட்டு வாசலில் உட்கார்ந்து படம் போட்டு விளக்கினோம். கேட்டுக்கொண்டிருந்த தையல் அக்கா கேட்டார்:

"அப்போ அந்த மூணு வூட்டுக்காரங்களை ரெண்டு மாசம் வேக வெச்சுப் பாக்கப் போறீங்களா தம்பி?"

பதில் சொல்ல முடியவில்லை. வெள்ளையடித்தால் குறையும் என்பது எங்களுக்கு முன்னாலேயே தெரியும். அகமதாபாத்தில் 2010 கோடையில் அத்தனை பேர் இறந்த பிறகு, 2013-ல் வெப்பத் தடுப்புத் திட்டம் வந்தது, குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதையும் பின்னாளில் அதில் சேர்த்தார்கள். தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கையே போட்டது. தெரிந்த நன்மையை அறிவியலுக்காக மூன்று வீட்டுக்குத் தராமல் வைப்பது, அதுவும் அக்கினி நட்சத்திரத்தில்?

திட்டத்தை மாற்றினோம். ஆறு வீட்டுக்கும் அடிப்போம், ஆனால் ஒரே நாளில் இல்லை. வாரத்துக்கு ஒரு வீடு. இன்னும் அடிக்காத வீடுகள் அந்தந்த வாரத்துக்கு ஒப்பீடாக இருக்கும். ஒவ்வொரு வீடும் தன் முந்தைய வாரத்தோடும் ஒப்பிடப்படும். கணக்குப் போடக் கொஞ்சம் சிக்கல், ஆனால் நியாயம். யாருக்கு முதலில் என்பதற்கு சார் சீட்டுக் குலுக்கச் சொன்னார், ஒருபக்கம் சாயாமல் இருக்க அதுதான் முறை. தெருப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது நாள் குழந்தை இருக்கிற வீடு முதலில், படுக்கையில் கிடக்கும் தாத்தா வீடு இரண்டாவது, மீதிக்கு வேண்டுமானால் சீட்டு. அப்படியே செய்தோம். அறிக்கையிலும் அதை மறைக்காமல் எழுதினோம்.

அடுத்த திருத்தமும் தையல் அக்காவிடமிருந்துதான். சென்சாரைச் சுவரில், ஐந்தடி உயரத்தில், காற்றுப்படும்படி மாட்டியிருந்தோம். அக்கா வீட்டில் பகலில் 38.5 காட்டியது. வெளியே நிழலில் 37. ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம். "உன் மிஷின் செவுத்துல நிக்குது. நான் கூரைக்குக் கீழ ஒக்காந்திருக்கேன். மண்டைல இறங்குதே, அது அதுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது. காற்றின் சூட்டைத்தான் அது அளக்கிறது. 57 டிகிரி தகரம் அடுப்புக் கனல் மாதிரி, காற்றைத் தொடாமலே கீழே இருப்பவர்மேல் வெப்பத்தை வீசுகிறது. காற்றாடி போட்டாலும் அந்த வீச்சு நிற்காது. இதை அளக்கக் கறுப்புக் கோள வெப்பமானி என்று ஒன்று உண்டு, 15 சென்டிமீட்டர் செம்பு உருண்டை, கறுப்பு வண்ணம், நடுவில் வெப்பமானி. அது எங்கள் கைக்கு எட்டாத விலை. ஆனால் டேபிள் டென்னிஸ் பந்தை வைத்தும் செய்யலாம். பந்தில் ஊசியைக் காய்ச்சித் துளை போட்டு, சென்சார் நுனி சரியாக நடுவில் நிற்கும்படி நுழைத்து, எம்-சீல் வைத்து அடைத்து, பளபளப்பில்லாத கறுப்பு ஸ்பிரே இரண்டு கோட். காய்ந்ததும் அக்காவின் முக்காலிக்கு மேலே, அவர் தலை இருக்கும் உயரத்தில், நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பிள்ளைகள் அதைப் பிடித்து ஆட்டாமல் இருக்க இரண்டு நாள் ஆனது.

பந்து 43 டிகிரி காட்டியது.

சுவரில் 38.5, தலையில் 43. அந்த எண்ணைக் காட்டியபோது அக்கா பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "அதான் சொன்னேன்" என்றார். பிறகு எங்கள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த டிகிரி எல்லாம் எனக்கு வேணாம் பாப்பா. வெயில் காலத்துல பன்னெண்டு மணிக்கு மேல உள்ள ஒக்கார முடியாது, மெஷினை வாசலுக்கு இழுத்துட்டுப் போயிருவேன். அங்க லாரிப் புழுதி, துணி அழுக்காவுது. ஜாக்கெட் தைக்கக் குடுத்தவங்க திட்டுறாங்க. நான் எத்தினி மணிக்கு மெஷினை வெளிய இழுக்கிறேன்னு எழுதிக்க. அது மாறுச்சுன்னா உன் சுண்ணாம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று தோழியிடம் சொன்னார்.

அன்றிலிருந்து துணி அளவு குறிக்கும் சாக்பீஸால் கதவின் உள்பக்கம் அக்காவே நேரம் எழுத ஆரம்பித்தார். ஏப்ரல் முதல் வாரம்: 12.10, 11.50, 12.00, 12.05. வாரக் கடைசியில் நாங்கள் அதைப் படம் எடுத்துக்கொள்வோம். எங்கள் அறிக்கையின் முதல் அட்டவணை அதுதான். சென்சார் அட்டவணை அதற்குப் பின்னால்.

இப்போது கூரை. இந்தத் தெருவில் இரண்டு வகை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தகரமும். எதை எதன்மேல் அடித்தால் நிற்கும் என்று கல்லூரி மொட்டை மாடியில் துண்டு ஷீட்டுகளை வைத்துப் பத்து நாள் பார்த்தோம். வெறும் சுண்ணாம்பு, கஞ்சியும் உப்பும் சேர்த்த சுண்ணாம்பு, ஃபெவிகால் கலந்தது, வெள்ளைச் சிமெண்ட், வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்ட். ஆஸ்பெஸ்டாஸின் சொரசொரப்பில் சுண்ணாம்பு நன்றாகப் பிடித்தது. தகரத்தில் நாலே நாளில் செதில் செதிலாக எழும்பியது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் தகரத்தோடு சுண்ணாம்பால் ஓட முடியவில்லை. பிரைமர் அடித்து அதன்மேல் பெயிண்ட் அடித்த துண்டு மட்டும் தாங்கியது. செலவு கூடுதல்தான். ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்குச் சுண்ணாம்பு 800 ரூபாய்க்குள் முடிந்தது, தகர வீட்டுக்கு மூன்றாயிரத்தை நெருங்கியது.

சுண்ணாம்பு விஷயத்தில் எங்களுக்கு வாத்தியார், படுக்கையில் கிடக்கும் அந்தத் தாத்தா. பழவேற்காட்டுப் பக்கம் கிளிஞ்சல் சுட்ட குடும்பம். பவுடர் மூட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கச் சொன்னார். டிரம்மில் தண்ணீர் முதலில், அப்புறம் சுண்ணாம்பு, கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால் கொதித்து மேலே தெறிக்கும். ஒரு ராத்திரி முழுக்க ஊற வேண்டும். காலையில் சேலைத் துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைத்து, வடிகஞ்சியும் ஒரு கை உப்பும். கெட்டியாக ஒரு கோட் அடிக்காதே, தண்ணியாக மூன்று கோட் அடி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. அவர் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல, எங்களில் ஒருவன் வாசலில் நின்று கரைத்தான். பதம் சரியா என்று கரண்டியில் எடுத்து அவரிடம் காட்ட வேண்டும். விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "இன்னும் ஒரு செம்பு தண்ணி" என்பார்.

ஒரு விபத்து. இரண்டாவது வீட்டில் தலைக்கு மேலே கையை நீட்டி அடித்தபோது ஒருவனுக்குக் கண்ணில் துளி தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடியை வேர்வைக்காகக் கழற்றி வைத்திருந்தான். குடத்துத் தண்ணீரை விடாமல் இருபது நிமிடம் ஊற்றிக் கழுவி, உடனே கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். நல்ல வேளை, இரண்டு நாள் சிவப்போடு போயிற்று. சுண்ணாம்பு காரம், கண்ணை அரித்துவிடும். அதற்கப்புறம் கண்ணாடி போடாதவன் ஏணி ஏறக் கூடாது என்று விதி.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றி இதைச் செய்ய நினைக்கும் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். கூரையைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டக் கூடாது, காய்ந்த நிலையில் பெருக்கக் கூடாது, துளை போடக் கூடாது. முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, ஈரத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். வாயில் கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். ஷீட்டின்மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து உள்ளே விழுவோம். ஆணி வரிசை எங்கே ஓடுகிறதோ அதன் அடியில்தான் தாங்குகட்டை இருக்கும். அந்த வரிசைமேல் குறுக்காக நீளப் பலகை போட்டு, பலகைமேல் மட்டும் நகர வேண்டும். கழுவும் தண்ணீர் வாசல் டிரம்மில் விழாமல் பார்க்க வேண்டும். லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டிரம்கள் எல்லாம் கூரை ஓரத்துக்கு நேர் கீழேதான் நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் வேலையாக டிரம்களை நகர்த்தி, தார்ப்பாய் போட்டு மூடினோம்.

கூரையில் ஏறும் முன்னால் இன்னொரு வாசலும் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஆறில் ஐந்து வீடு வாடகை. ஐந்தும் ஒரே ஓனருடையவை. ஓனருக்கு, வாடகைக்காரர்கள் கூரையில் கை வைத்தால் நாளைக்கு உரிமை கேட்பார்களோ என்ற பயம். வாடகைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பயம்: வீடு குளிர்ந்தால் வாடகை ஏறுமே. வெயிலைக் குறைக்கப் போய் அவர்களை அந்தத் தெருவை விட்டே அனுப்பிவிடுவோமோ என்று நாங்கள் மூன்று நாள் யோசித்தோம். ஓனரிடம் பேசியது தோழியின் அம்மா. ஒரு வெள்ளைத்தாளில், கூரைச் செலவு எங்களுடையது, கூரை அவருடையது, இந்தப் பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்வரை இதைக் காரணம் காட்டி வாடகை ஏற்ற மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். சட்டப்படி அதற்கு எவ்வளவு பலம் என்பது வேறு விஷயம், தெருவில் அதற்குப் பலம் இருந்தது.

அந்தப் பேச்சில்தான் கரண்ட் பில்லும் வெளியே வந்தது. வாடகைக்காரர்களிடம் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். தையல் அக்கா வீட்டில் மாதம் ஏறக்குறைய 70 யூனிட், 630 ரூபாய். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016-லிருந்து. அக்காவின் பெயரில் ஒரு மீட்டர் இருந்தால் 140 யூனிட்டில் 40-க்குத்தான் காசு, அதுவும் குறைந்த படியில். நாங்கள் கோபத்தோடுதான் ஓனரைப் பார்த்தோம். அவர் தன் ஈபி கார்டை எடுத்துக் காட்டினார். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, இரண்டு மாதத்துக்கு எழுநூறு யூனிட்டுக்கு மேல். 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு, ரேட் ஏறிவிடும். ஆளுக்கு 140 யூனிட் எரிக்கும் ஐந்து குடும்பங்கள், மின்வாரியக் கணக்கில் ஏசி போட்ட ஒரு பெரிய வீடாகத் தெரிகிறார்கள். ஐந்து இலவச நூறுகளில் நான்கு காணாமல் போகின்றன. ஓனர் அதற்கு மேலும் வைத்து வாங்குகிறார் என்பது உண்மை. ஆனால் அவர் அதை விட்டால்கூட இந்த ஓட்டை அடைபடாது. தனித்தனி இணைப்பு ஒன்றுதான் வழி, அவர் கையெழுத்துப் போட்டால் அது சுலபமாக நகரும். இரண்டு வீட்டுக்குச் சம்மதித்திருக்கிறார், தையல் அக்கா வீடும் குழந்தை வீடும். விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

எங்கள் படிப்பில் மின்கட்டணம் பற்றி ஒரு பாடம் உண்டு. படிக்கட்டு மாதிரி ஏறும் கட்டணம், குறைவாகப் பயன்படுத்துபவருக்குச் சாதகம் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை.

70 யூனிட் எங்கே போகிறது என்று வாட் மீட்டர் வைத்துப் பார்த்தோம். பெரும்பகுதி காற்றாடி. அக்கா வீட்டுக் காற்றாடி பழையது, 70 வாட் இழுக்கிறது. ஒரு நாளில் இருபது மணி நேரம் சுற்றினால் 1.4 யூனிட். மாதம் 42 யூனிட், 9 ரூபாய் கணக்கில் 378 ரூபாய். கூரையில் சேரும் சூட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருக்க மாதம் 378 ரூபாய். முன்னாள் மாணவர்கள் தந்த பணத்தில் குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி காற்றாடி நாலு வாங்கினோம், 30 வாட். அதே இருபது மணி நேரத்துக்கு 162 ரூபாய் ஆகிறது. மிச்சம் 216. இந்தக் கணக்கைக் கேட்டதும் தெருவில் நிறையப் பேர் கூரையை விட்டுவிட்டுக் காற்றாடி பற்றித்தான் கேட்டார்கள். நாலே நாலுதான் இருந்தது. யாருக்கு என்பதையும் அவர்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். தையல் அக்காவுக்கு ஒன்று வந்தது.

அக்கா வீட்டுக் கூரை முறை மே முதல் வாரம் வந்தது. தகரம். காலை ஐந்தரைக்கே ஆரம்பித்தோம், எட்டு மணிக்கு மேல் தகரத்தில் கை வைக்க முடியாது. துருவை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் பிரைமர். மறுநாள் விடியலில் ஒரு கோட் வெள்ளை, சாயங்காலம் இன்னொன்று. முடித்த மறுநாள் பகலில், தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியை எடுத்து அக்கா வீட்டுத் தகரத்தையும், அடிக்காத பக்கத்து வீட்டுத் தகரத்தையும் அளந்தோம். பக்கத்து வீட்டு வெறும் தகரம் குறைவாகக் காட்டியது! பளபளக்கும் உலோகம் அகச்சிவப்புக் கதிரை அதிகம் வெளியிடாது, துப்பாக்கி ஏமாந்துவிடும். இரண்டு தகரத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பின்மேல் அளந்தால்தான் சரியான எண் வரும். டேப் ஒட்டி அளந்தபோது பக்கத்து வீடு 58, அக்கா வீடு 44.

உள்ளே தொங்கிய பந்து 43-லிருந்து 38-க்கு இறங்கியது. சுவர்ச் சென்சார் 38.5-லிருந்து 36.5. காற்றை மட்டும் அளந்திருந்தால் இரண்டு டிகிரிக்குத்தானா இவ்வளவு பாடு என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளில் சுண்ணாம்பும் ஏறக்குறைய இதே அளவுக்கு வேலை செய்தது, கால்வாசிச் செலவில்.

ராத்திரி விஷயம் வேறு. தகரமும் ஷீட்டும் மெல்லியவை, பொழுது சாய்ந்ததும் தாமே ஆறிவிடும். வெள்ளையடித்ததால் இரவில் பெரிய மாற்றம் இல்லை. தெருவின் அந்த ஒரே மாடி வீட்டு மேல்தளத்தில் இருப்பவர்கள்தான் இரவில் தவிக்கிறார்கள். காங்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டைப் பத்து மணிக்கு மேல் உள்ளே விடுகிறது. நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அங்கே அளக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

கதவில் சாக்பீஸ் எண்கள் மாறின. மே இரண்டாவது வாரம்: 2.00, 1.40, 2.15. ஒரு நாள் எண்ணே இல்லை, ஒரு கோடு மட்டும். மறந்துவிட்டாரா என்று கேட்டோம். "அன்னிக்கு வெளிய போகவே இல்ல. உள்ளயே ரெண்டு ஜாக்கெட் முடிச்சேன்" என்றார். அவருக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது எங்கள் அட்டவணையில் இல்லை. அப்புறம்தான் சேர்த்தோம்.

ஜூன் நடுவில் பந்து மறுபடி மேலே போக ஆரம்பித்தது. 39, 39.5, 40. சாக்பீஸ் முன்னாலேயே சொல்லிவிட்டது: 1.20, 1.10. சென்சார் கெட்டதோ என்று மறுபடி ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. ஏணி போட்டு ஏறினால் கூரை வெள்ளையாகவே இல்லை, சாம்பல் நிறம். விரலால் தேய்த்தால் கறுப்பு மை மாதிரி ஒட்டுகிறது. நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் புகையும் ஆறு வாரத்தில் படிந்தது. மற்ற ஊர்களில் வெள்ளைக் கூரை ஒரு கோடை தாங்கும் என்கிறார்கள். இங்கே ஆறு வாரம்.

ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் போட்டு, நீளக் கழியில் கட்டிய துணியால் அக்கா வீட்டுக் கூரையைத் தரையிலிருந்தே துடைக்க முடிகிறதா என்று பார்த்தோம். தாழ்வான பக்கம் எட்டுகிறது, உயரமான பக்கம் எட்டவில்லை. இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பது, பிவிசி பைப்பை உடைத்து மூட்டுப் போட்டு, நுனியில் பழைய ஸ்பாஞ்ச் கட்டி, கூரை உச்சி வரைக்கும் போகிற ஒரு துடைப்பான். தண்ணீரும் பைப்புக்குள்ளேயே ஓட வேண்டும், ஒரு குடத்துக்கு மேல் செலவாகக் கூடாது, லாரித் தண்ணீர் அது. இரண்டு முறை மூட்டில் ஒழுகிவிட்டது. மூன்றாவது மூட்டு இன்று காலை பொருத்தியிருக்கிறோம். கதவில் நேற்றைய நேரம் 1.05.